மெயிலும் எக்ஸ்பிரஸும்: வடபாதை ரயில்களை வீட்டு மொடல் பாதையில் ஓட்டும் முறை

மொடல் ரயில் வாங்குகிறவர்களில் பலர் ஒரு வட்டப் பாதை போட்டு, எஞ்சினையும் நாலைந்து பெட்டிகளையும் சுற்ற விடுவதோடு நின்றுவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அலுத்துவிடும். அப்புறம் எல்லாம் அலுமாரிக்கு மேலே போய்விடும். ரயிலுக்கு ஒரு வேலை இருந்தால் அப்படி அலுக்காது. அந்த வேலையைக் கொடுக்க யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதையே போதும். ஒற்றைத் தண்டவாளம். இடையிடையே ரயில்கள் விலகிக்கொள்ள லூப், அதாவது மெயின் பாதையிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் பக்கப் பாதை. இரவிரவாக நின்று நின்று தபாலும் பார்சலும் இறக்கிக்கொண்டு வரும் மெயில். அதே தண்டவாளத்தில் பெரிய இடங்களில் மட்டும் நின்று பறக்கும் யாழ்தேவி. இந்த இரண்டும் எங்கே, எப்படி விலகிப் போகின்றன என்பதில்தான் முழுச் சுவையும் இருக்கிறது. இங்கே சொல்லப்போகும் அளவுகள், கம்பி வேலை, வேகம் எல்லாம் அந்த ஒரு சந்திப்பு ஒழுங்காக நடப்பதற்காகத்தான்.

எந்தக் காலத்தை ஓட்டப் போகிறீர்கள்?

பணம் செலவழிக்க முன் இதை முடிவு செய்யுங்கள். எந்த எஞ்சின், எந்தக் கைகாட்டி, எத்தனை பெட்டி எல்லாம் இதைப் பொறுத்தது.

காங்கேசன்துறை வரையான வடபாதை 1905 இல் முழுமையாகத் திறந்தது. அன்றிலிருந்து ஐம்பதுகள் வரை நீராவி எஞ்சின் காலம். மெயிலை மட்டும் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு அது நல்ல காலம்.

இரண்டும் வேண்டுமென்றால் 1956 ஏப்ரல் 23 க்குப் பிறகு வாருங்கள். யாழ்தேவி ஓடத் தொடங்கிய நாள் அது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து வந்த எம்2 டீசல் எஞ்சின்களின் காலமும் அதுவே. ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று கனடாவின் மாகாணப் பெயர்களைத் தாங்கி ஓடிய எஞ்சின்கள் அவை. அந்தக் காலம் போரால் ரயில் நின்றுபோன 1990 ஜூன் 13 உடன் முடிகிறது. அதன் பிறகு தண்டவாளமும் சிலிப்பரும்கூட மிஞ்சவில்லை. ரயிலைக் கண்ணால் காணாமலே ஒரு தலைமுறை இங்கே வளர்ந்தது.

மூன்றாவது, 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரி 2 இல் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்த பிறகான காலம். புதுத் தண்டவாளம், நிற விளக்குச் சிக்னல், இந்தியாவிலிருந்து வந்த டீசல் செட்டுகள். பிள்ளைகளோடு சேர்ந்து கட்டுவதென்றால் இதைத்தான் சொல்வேன். அவர்கள் போய்ப் பார்க்கலாம், ஏறிப் போகலாம், பெட்டியை நேரில் அளக்கலாம்.

என் தெரிவு இரண்டாவது காலம். கைகாட்டி இருக்கிறது, ஒற்றைப் பாதையில் போக அனுமதியாகச் சாரதி கையில் கொடுக்கும் வில்லையான டேப்லட் இருக்கிறது, சீமெந்துச் சரக்கு ரயிலும் இருக்கிறது. கீழே வருவதெல்லாம் அந்தக் காலத்தை வைத்துத்தான். டேப்லட் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் எந்தக் காலத்துக்கும் பொருந்தும்.

அளவு

எச்ஓ அளவில், அதாவது 87 இல் ஒரு பங்காகக் கட்டுங்கள். எஞ்சின், சில்லு, பொயின்ட் (ரயிலை ஒரு பாதையிலிருந்து மற்றதுக்குத் திருப்பும் துண்டு) எல்லாம் இந்த அளவில்தான் அதிகம் கிடைக்கும், பழையதும் வாங்கலாம். எங்கள் ரயிலின் மொடல் கடையில் தயாராகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்காதீர்கள். வேறு நாட்டுப் பெட்டியின் அடிப்பாகத்தை வாங்கி, மேல்பாகத்தை பிளாஸ்டிக் தகட்டிலோ முப்பரிமாண அச்சிலோ செய்துகொள்வதுதான் நடைமுறை.

ஒரு சிக்கலை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நமது அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீற்றர். அதை 87 ஆல் வகுத்தால் 19.3 வரும். கடைத் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர்தான். கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் ஒடுக்கம். முன்னால் நின்று பார்த்தால் எஞ்சின் ஒல்லிக் காலில் நிற்பதுபோல் தெரியும், பக்கவாட்டில் தெரியாது. மேசையைக் கண் மட்டத்துக்குக் கிட்டவாக உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பார்ப்போம். 16.5 தண்டவாளம் சரியாகப் பொருந்த வேண்டுமென்றால் 102 இல் ஒரு பங்காகக் கட்ட வேண்டும். பொறுமை உள்ளவர்கள் அதையும் செய்யலாம், ஆனால் மோட்டர் அடிப்பாகம் தவிர எல்லாவற்றையும் கையால்தான் செய்ய வேண்டிவரும். தொடங்குகிறவருக்கு அது வேண்டாம்.

ரயிலின் நீளம்: எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது

மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு நேரம் கொடுங்கள். ஒற்றைப் பாதையில் ரயிலின் நீளத்தைத் தீர்மானிப்பது லூப்பின் நீளம். லூப்புக்குள் அடங்காத ரயிலை விலக்க முடியாது, விலக்க முடியாவிட்டால் மெயிலும் எக்ஸ்பிரஸும் ஒரே பாதையில் ஓட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 மீற்றர் பெட்டி எச்ஓவில் 23 சென்ரிமீற்றர். எஞ்சினுக்கு 17 என்று வைத்துக்கொள்ளுங்கள், கொளுவிகளின் இடைவெளிக்குப் பெட்டிக்கு ஒரு சென்ரிமீற்றர். ஆறு பெட்டி ரயில் 161 சென்ரிமீற்றர் வரும். ஓட்டுகிறவர் அச்சொட்டாக ஓரிடத்தில் நிறுத்தமாட்டார், ஆகவே முன்பின் இடம் சேர்த்து 180 தேவை. இரண்டு முனையிலும் பொயின்டுக்கு ஆளுக்கு 30. மொத்தம் 240 சென்ரிமீற்றர், எட்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. 12 அடிச் சுவரில் ஒரு ஸ்டேஷனுக்கு இது சரியாகக் காணும், மூலையில் வளைவுக்கும் இடம் மிஞ்சும். ஐந்து பெட்டியென்றால் ரயில் 137, முன்பின் இடம் சேர்த்து 155, பொயின்டுகளோடு 215. பத்தடிச் சுவருக்கு அது போதும்.

ஆகவே செய்யவேண்டியது இது: சுவரை அளந்து, லூப்பை வரைந்து, அதற்குள் அடங்கும் ரயிலை மட்டும் கட்டுங்கள். பன்னிரண்டு பெட்டி வேண்டுமென்ற ஆசை எல்லாருக்கும் வரும். எஞ்சினும் ஐந்து பெட்டியும் மேடையை முழுவதாக நிறைத்து நின்றால் அது நீளமான ரயிலாகத்தான் தெரியும். பன்னிரண்டு பெட்டி ரயில் ஒரு ஸ்டேஷனில் தலையும் அடுத்ததில் வாலுமாக நின்றால் பாதையே சுருங்கிப் போகும்.

வளைவு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெட்டி நீளத்தின் மூன்று மடங்கு ஆரை இருந்தால் நன்றாக ஓடும், அதாவது 70 சென்ரிமீற்றர் அளவில். இடமே இல்லையென்றால் 60. அதற்குக் கீழே போனால் பெட்டிகளின் மூலைகள் ஒன்றோடொன்று முட்டி, பின்னுக்குத் தள்ளும்போது தடம் புரளும். ஏற்றம் தேவைப்பட்டால் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். யாழ்ப்பாணத்தைக் கட்டுகிறவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, மலை எங்கே இருக்கிறது!

பாதையை எப்படிப் போடுவது

எல்லா ஸ்டேஷனையும் கட்ட முயல வேண்டாம். பளை, மிருசுவில், கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி, யாழ்ப்பாணம், கோண்டாவில், சுன்னாகம் என்று மனதில் வரிசை ஓடும். இரண்டு போதும். ரயில்கள் விலகும் இடமாகக் கொடிகாமம், வேலை நடக்கும் இடமாக யாழ்ப்பாணம். கொடிகாமத்தில் ஒரு மெயின் பாதை, ஒரு லூப், சரக்குக்கு ஒரு முட்டுப் பாதை, அதாவது மறுமுனை மூடிய பாதை. யாழ்ப்பாணத்தில் மெயின், லூப், பார்சல் மேடைக்கு ஒரு பாதை, ஒன்றிரண்டு பெட்டி நிறுத்த இன்னொன்று.

மிச்சம் இருக்கும் சுவரில் ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால் நாலு பாதை கொண்ட மறைவு யார்ட் ஒன்று போடுங்கள். இதில் ஒரு நல்ல வசதி உண்டு. அறையைச் சுற்றிய முழு வட்டத்தில் இந்த யார்டின் ஒரு முனையை வவுனியாப் பக்கமென்றும் மறுமுனையைக் காங்கேசன்துறைப் பக்கமென்றும் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே போகும் மெயில் கொடிகாமம், யாழ்ப்பாணம் தாண்டிக் காங்கேசன்துறை முனையால் யார்டுக்குள் போகும். அடுத்த நாள் இரவுக்கு அதே ரயில் அதே திசையில் வவுனியா முனையால் வெளியே வரும். எஞ்சினை மாற்றிப் பூட்டவோ, பெட்டிகளைத் திருப்பவோ, கையால் தூக்கி வைக்கவோ தேவையில்லை. எக்ஸ்பிரஸ் இதற்கு எதிர்த் திசையில் அதே மாதிரி. திரும்பு வளையம் இல்லாததால் மின்முனை மாறி ஷோர்ட் அடிக்கும் சிக்கலும் கிடையாது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சுவரோரமாகப் போனால் கண்ணுக்குத் தெரியும் பாதை மட்டும் எட்டு மீற்றர் வரை கிடைக்கும். அந்தச் சுவர்களில் ஒன்றில்தான் அறைக்கதவும் இருக்கும். அந்த இடத்துக்குத் தூக்கி எடுக்கும் பாலமாக ஒரு துண்டு போட வேண்டிவரும். அதை நாவற்குழிப் பாலமாக்கிவிடுங்கள். இடமும் கொடிகாமத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில்தான் வரும்.

மேசையும் கம்பியும்

கறையானை நினைத்து மேசைக் காலை பொக்ஸ் பாரில் ஒட்டுவித்துக்கொள்ளுங்கள். மேலே 12 மில்லிமீற்றர் பிளைவூட், இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்தது. ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மாரியில் ஈரம் இழுத்து வளையும்.

தண்டவாளம் நிக்கல் சில்வராக இருக்கட்டும். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை கறுத்து மின்சாரத்தைத் தடுக்கும். வெயிலுக்கும் இடம் விடவேண்டும். ஓட்டுக்குக் கீழே உள்ள அறையில் விடியற்காலைக்கும் பின்னேரம் இரண்டு மணிக்கும் 15 பாகை வித்தியாசம் வந்தால் பத்து மீற்றர்த் தண்டவாளம் 2.5 மில்லிமீற்றர் அளவுக்கு நீளும். எல்லா இணைப்பையும் இறுக்கி ஒட்டிவிட்டால் அந்த நீளம் போக இடமில்லாமல் தண்டவாளம் பாம்புபோல் வளையும். இரண்டு மூன்று துண்டுக்கு ஒரு முறை ஒரு கடதாசி அட்டைத் தடிப்பில் இடைவெளி விடுங்கள். பின்னேர வெக்கையில் பாதை போடுகிறவர் இடைவெளியைக் குறைக்கலாம், காலையில் போடுகிறவர் கூட்ட வேண்டும்.

மேசைக்கு அடியில் 2.5 சதுர மில்லிமீற்றர் வீட்டு வயர் இரண்டு, சுற்றிவர முதன்மைக் கம்பியாக. ஒவ்வொரு ஒன்று ஒன்றரை மீற்றருக்கும் 0.5 கம்பியால் தண்டவாளத்துக்கு இணைப்புக் கொடுத்து ஈயத்தால் ஒட்டுங்கள். இணைப்புத் தகடு கரண்டைக் கடத்தும் என்று நம்பியிருந்தால் ஒரு வருடத்தில் ரயில் தூரத்தில் தூங்கத் தொடங்கும். 230 வோல்ட் சுவர் பிளக்கோடு நிற்கட்டும், மேசைக்கு அடியில் வரவே கூடாது. ஐப்பசி கார்த்திகையில் இடி முழக்கம் கேட்டால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கட்டுப்பாட்டுக்கு, தண்டவாளம் வழியே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி முறையையே சொல்வேன். இரண்டு ரயிலை ஒரே தண்டவாளத்தில் தனித்தனியாக ஓட்டுவதற்கென்றே அது இருக்கிறது. காசு இடம் கொடுக்காவிட்டால் சாதாரண 12 வோல்ட் டிசியிலும் இந்த ஓட்டத்தைச் செய்யலாம். ஒவ்வொரு லூப்பிலும் ஒரு பக்கத் தண்டவாளத்தை வெட்டித் தனித்துண்டாக்கி, நடுவில் நிறுத்தக்கூடிய சுவிட்சால் இரண்டு கொன்ட்ரோலரில் எதற்கு வேண்டுமோ அதற்குக் கொடுங்கள். மெயில் லூப்பில் கரண்ட் இல்லாமல் நிற்கும்போது எக்ஸ்பிரஸ் மெயினில் போய்விடும்.

இரண்டு ரயிலையும் கட்டுதல்

மெயிலையும் எக்ஸ்பிரஸையும் ஒரு பார்வையில் பிரித்தறிய வேண்டும்.

எக்ஸ்பிரஸ் சீரானது. எம்2 எஞ்சின், மூன்றாம் வகுப்பு இரண்டு, சிற்றுண்டிச்சாலைப் பெட்டி ஒன்று, இரண்டாம் வகுப்பு ஒன்று, கடைசியில் கார்டுக்கு இடமுள்ள பெட்டி. ஒரே நிறம், ஒரே உயரக் கூரை, ஒரே மாதிரிக் கழுவல். எம்2 எஞ்சினுக்கு ஒவ்வொரு முனையிலும் போகி என்ற சில்லுச் சட்டம் ஒன்று, அதில் மூன்று அச்சு, நடு அச்சுக்கு மோட்டர் கிடையாது. ஆறு சில்லு போகியுள்ள எந்த அமெரிக்க டீசல் அடிப்பாகமும் கிட்டத்தட்டப் பொருந்தும்.

மெயில் கலவையானது. எஞ்சினுக்கு அடுத்ததாக ஜன்னல் குறைந்த பார்சல் வான், அடுத்தது தபால் பெட்டி, பின்னால் மூன்றாம் வகுப்பு இரண்டு, கடைசியில் படுக்கை வசதியுள்ள பெட்டியும் கார்டும். பெட்டிகள் வெவ்வேறு வயதாக இருக்கட்டும், ஒன்றின் நிறம் மங்கியிருக்கட்டும். இரவு வண்டி என்பதால் ஜன்னல்களுக்கு உள்ளே மஞ்சள் எல்ஈடி விளக்கு போடுங்கள். படுக்கைப் பெட்டியில் ஒரு விளக்கு போதும், அங்கே ஆட்கள் படுத்துவிட்டார்கள். தபால் பெட்டியில் மட்டும் பிரகாசமாக. அறை விளக்கை அணைத்துவிட்டு மெயில் வளைவில் திரும்பி வருவதைப் பார்த்தால் போட்ட பாடு வீண் போகவில்லை என்று தெரியும்.

பார்சல் வான் எஞ்சினுக்கு அடுத்து இருப்பதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் எஞ்சின் அதை மட்டும் இழுத்துக்கொண்டு பார்சல் மேடைக்குப் போக வேண்டும், பயணிகள் பெட்டிகளை அசைக்கக் கூடாது.

ஒவ்வொரு பெட்டியையும் சமையலறைத் தராசில் நிறுங்கள். 23 சென்ரிமீற்றர்ப் பெட்டி 155 கிராம் அளவில் இருக்க வேண்டும். கடைப்பெட்டிகள் பெரும்பாலும் அதைவிட இலேசு, இலேசான பெட்டிதான் பொயின்டில் தடம் புரளும். குருநகர்ப் பக்கம் வலைக்குக் கட்டும் ஈயம் கிடைக்கும். அதைத் தட்டையாக்கி, பெட்டியின் தரையில் நடுவிலும் தாழ்வாகவும் ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். சில்லுகளின் உட்புற இடைவெளி 14.4 இற்கும் 14.6 இற்கும் இடையில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். எல்லாக் கொளுவியும் ஒரே உயரம். இந்த மூன்றும் சரியென்றால் தடம் புரள்வதில் பெரும் பகுதி நின்றுவிடும்.

வேகம்

மொடல் எஞ்சின்கள் தேவையைவிட மிக வேகமாக ஓடும். எச்ஓவில் மணிக்கு 80 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 25.5 சென்ரிமீற்றர்தான். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீற்றர் தூரத்தில் இரண்டு பனைமரம் நட்டு, கைக்கடிகாரத்தால் பாருங்கள். ஒரு மரத்திலிருந்து மற்றதுக்கு எஞ்சின் போக 4 செக்கன் எடுத்தால் 80. ஐந்து செக்கன் சொச்சமென்றால் 60. எட்டு என்றால் 40. டேப்லட் மாற்றும்போது பன்னிரண்டரை செக்கன் எடுக்க வேண்டும், அது 25. முதல் தடவை பார்க்கும்போது எக்ஸ்பிரஸே ஊர்வதுபோல் இருக்கும். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள், கண் பழகிவிடும். அப்புறம் பழைய வேகத்துக்குப் போக மனம் வராது.

டிசிசியில் எஞ்சினுக்குள் கட்டளையை வாங்கி மோட்டரை ஓட்டும் டிகோடரில், சிவி எனப்படும் சில எண்களை மாற்றினால் இது தானாக வரும். உச்ச வேகத்துக்கு சிவி5. எக்ஸ்பிரஸுக்கு 80 இல் நிற்கும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள், மெயிலுக்கு 60 போதும். வேகம் ஏறும் நேரம் சிவி3, இறங்கும் நேரம் சிவி4. அதில் போடும் எண்ணை 0.9 ஆல் பெருக்கினால் நின்ற நிலையிலிருந்து உச்ச வேகத்துக்குப் போக எத்தனை செக்கன் என்று ஏறக்குறைய வரும். எக்ஸ்பிரஸுக்கு சிவி3 இல் 25 போட்டால் 22 செக்கன், அதற்குள் கிட்டத்தட்ட 2.8 மீற்றர் ஓடியிருக்கும். கனமான ரயில் கிளம்புவதுபோலவே இருக்கும். சிவி4 இல் 10 க்கு மேல் போகாதீர்கள். பத்தில் 80 இலிருந்து நிற்க 115 சென்ரிமீற்றர் ஓடும், அதற்கு மேல் போனால் லூப்பின் மறுமுனையைத் தாண்டிவிடும். மெயில் அடிக்கடி நிற்பதால் அதற்கு 6 வைத்துக்கொள்ளலாம்.

டேப்லட்

ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில் நேருக்கு நேர் வராமல் காத்தது டேப்லட். இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு கருவி, இரண்டும் கம்பியால் இணைந்தவை. ஒன்றிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால் அதை எங்காவது ஒரு கருவிக்குள் திரும்பப் போடும்வரை இன்னொன்று வெளியே வராது. வில்லை கையில் இல்லாமல் சாரதி அந்த இரண்டு ஸ்டேஷனுக்கும் இடையிலுள்ள பாதைத் துண்டுக்குள் நுழைய முடியாது. நிற்காத ரயிலுக்குத் தோல்பையில் வைத்து, பெரிய வளையத்தில் கொளுவி நீட்டுவார்கள். எஞ்சினில் இருப்பவர் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதைக் கையால் கொளுவி எடுப்பார்.

வீட்டில் இதைச் செய்ய ஹாட்வெயார் கடையில் பித்தளை வோஷர் கொஞ்சம், மாடிப்படி விளக்குக்குப் போடும் இருவழிச் சுவிட்ச் இரண்டு, குறைந்த வோல்ட் சிவப்பு விளக்கு இரண்டு. ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் ஒரு சின்னப் பெட்டி வைத்து அதில் மூன்று நாலு வோஷர் போடுங்கள். ஒவ்வொன்றிலும் எந்தத் துண்டென்று பொறித்திருக்க வேண்டும்: "கொடிகாமம் – யாழ்ப்பாணம்". எந்த முனையிலிருந்து சுவிட்சைத் தட்டினாலும் இரண்டு முனை விளக்கும் சேர்ந்து மாறும்படி இணையுங்கள். விளக்கு அணைந்திருந்தால் மட்டும் வோஷரை எடுக்கலாம். எடுத்தவுடன் விளக்கைப் போட வேண்டும். ரயில் மறுபக்கம் முழுதாக வந்து, கடைசிப் பெட்டியை ஸ்டேஷன் பார்ப்பவர் கண்ணால் கண்ட பிறகு வோஷரைத் தன் பெட்டியில் போட்டு விளக்கை அணைக்க வேண்டும். கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம், இடையில் ஒரு பெட்டி கழன்று பாதையில் நின்றுவிடும் சந்தர்ப்பம் மொடலில்தான் அதிகம்.

துண்டுக்கு ஒரு வோஷர் மட்டும் வைத்தால் என்னவென்று கேட்கலாம். ஒரே திசையில் இரண்டு ரயில் அடுத்தடுத்துப் போனால் வோஷர் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும், இரண்டாவது ரயில் இந்தப் பக்கம் காத்துக் கிடக்கும். அதனால்தான் இரண்டு முனையிலும் பெட்டி.

ஓட்டம்

மூன்று பேர் இருந்தால் நல்லது: இரண்டு சாரதி, கொடிகாமத்தையும் யாழ்ப்பாணத்தையும் பார்க்க ஒருவர். சுவர்க் கடிகாரத்துக்குப் பதிலாகக் கைப்பேசியில் வேகக் கடிகாரச் செயலி ஒன்றைப் போட்டுப் பன்னிரண்டு மடங்கில் ஓட விடுங்கள், ஐந்து நிமிடம் ஒரு மணித்தியாலமாகும். எட்டு மீற்றரை 80 இல் கடக்க 31 செக்கன், கடிகாரத்தில் ஆறு நிமிடம். பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனதுபோல் இருக்கும்.

நேர அட்டவணை உங்கள் விருப்பம். நான் வைத்திருப்பது இப்படி: கொழும்பிலிருந்து வரும் மெயில் விடிய 5.10 க்குக் கொடிகாமம், 5.40 க்கு யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகும் யாழ்தேவி 6.20. எல்லாம் நேரத்துக்கு நடந்தால் இரண்டும் யாழ்ப்பாணத்திலேயே விலகிவிடும். இதை ஒரு தடவை ஓட்டிப் பழகிய பிறகு மெயிலை ஒரு மணித்தியாலம் பிந்த விடுங்கள். அப்போதுதான் கொடிகாமத்துக்கு வேலை வரும்.

6.10. மெயில் கொடிகாமத்துக்கு வெளியே கைகாட்டியில் நிற்கிறது. ஸ்டேஷன் பார்ப்பவர் லூப்புக்குப் பொயின்டை வைத்துக் கைகாட்டியை இறக்குகிறார். மெயில் ஊர்ந்து உள்ளே வந்து, மறுமுனைப் பொயின்டுக்கு ஒரு கை முன்னால் நிற்கிறது. வால் விளக்கு பொயின்டைத் தாண்டி உள்ளே இருக்கிறது. டேப்லட் பெட்டிக்குள் போகிறது, தென்பக்க விளக்கு அணைகிறது. இவ்வளவும் முடியும்வரை எக்ஸ்பிரஸுக்கு ஒரு கைகாட்டியும் இறங்கக் கூடாது. இரண்டு ரயிலை ஒரே நேரத்தில் இரண்டு முனையாலும் ஸ்டேஷனுக்குள் விடாதீர்கள், ஒன்று நிற்காமல் வழுக்கிப் போனால் மற்றதன் முகத்தில் போய் இடிக்கும்.

6.20. எங்கள் வீட்டில் இந்த இடத்தில் சத்தம் தொடங்கும்.

"அண்ணை, யாழ்தேவிக்குப் பாதை தாறீங்களா?"

"பொறு தம்பி, மெயில் இப்பதான் உள்ள வந்தது. பொயின்டைத் திருப்பிப்போட்டுச் சொல்லுறன்."

பொயின்ட் மெயினுக்குத் திரும்புகிறது. யாழ்ப்பாணத்தில் வோஷரை எடுத்து விளக்கைப் போடுகிறார்கள். யாழ்தேவி கிளம்புகிறது. மெல்ல, அந்த 22 செக்கனையும் எடுத்துக்கொண்டு. கொடிகாமம் வர முன் 25 க்கு இறங்க வேண்டும். மேடை முனையில் ஸ்டேஷன் பார்ப்பவர் தென்துண்டின் வோஷரை ஒரு கொக்கியில் நீட்டுவார், எக்ஸ்பிரஸ் சாரதி கையில் இருப்பதைக் கொடுத்து மற்றதை வாங்கிக்கொண்டு ரயிலை நிறுத்தாமல் நடந்தே கூடப் போக வேண்டும். லூப்பில் நிற்கும் மெயிலின் ஜன்னல்களுக்குப் பக்கத்தால் யாழ்தேவியின் ஐந்து பெட்டியும் உரசுவதுபோல் கடந்து போகும். வால் விளக்கு போனதும் வடதுண்டு அணைகிறது, மெயில் தன் டேப்லட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறது.

மெயில் யாழ்ப்பாணத்தில் நின்ற பிறகு அரை மணித்தியாலம் கொடுங்கள், அதாவது உண்மையில் இரண்டரை நிமிடம். ஒரு மூங்கில் குச்சியால் பார்சல் வானுக்கும் தபால் பெட்டிக்கும் இடையில் கொளுவியைக் கழற்றி, எஞ்சினும் வானும் மட்டும் முன்னுக்குப் போய், பின்னுக்குத் தள்ளி, பார்சல் மேடையில் வானை விட வேண்டும். கொழும்புப் பத்திரிகைக் கட்டுகள் இறங்குகின்றன. ஏற்கெனவே வெங்காயமும் சுருட்டும் மாம்பழமும் ஏற்றி வைத்த இன்னொரு வானை அடுத்த பாதைக்கு நகர்த்தி, இரவு தெற்கே போகும் மெயிலுக்கு ஆயத்தமாக வைக்க வேண்டும். பிறகு எஞ்சின் திரும்பி வந்து பெட்டிகளோடு கொளுவி, காங்கேசன்துறைக்கு. இரண்டரை நிமிடத்துக்குள் இதை முடிக்கிற சாரதி கெட்டிக்காரர்தான். முடிக்காவிட்டால் மெயில் இன்னும் பிந்தும், பின்னால் வருகிறவை எல்லாம் சேர்ந்து பிந்தும், அதையும் அன்றைய ஓட்டத்திலேயே சமாளிக்க வேண்டும்.

காட்சியும் பராமரிப்பும்

கொடிகாமத்தைச் சுற்றிப் பனையும் தென்னையும் மாவும். நிஜத்தில் 20 மீற்றர்ப் பனை இங்கே 23 சென்ரிமீற்றர் வரவேண்டும். குட்டையாக நட்டால் ரயில் பெரிதாகத் தெரிந்து இடம் பொய்யாகிவிடும். நாவற்குழியில் ஒன்றும் வேண்டாம், தட்டையான நீரும் சாம்பல் சேறும் போதும். யாழ்ப்பாணம் தாண்டி மறைவுக்குள் போகும் கடைசி இரண்டடிக்குச் சுன்னாகத்துச் செம்மண்ணை அரித்துத் தூவிவிடுங்கள், எந்தப் பெயின்டிலும் அந்த நிறம் வராது. தூவ முன் ஒரு காந்தத்தை அதற்குள் விட்டு இழுத்து இரும்புத் தூளை எடுத்துவிடுங்கள், மோட்டருக்குள் போனால் கேடு.

சோளகம் வீசும் மாதங்களில் தூசு ஒவ்வொரு நாளும் படியும். ஓட்டாத நேரம் பழைய படுக்கை விரிப்பால் மூடி வையுங்கள். அது பல்லிக்கும் சேர்த்துத்தான்: எச்சம் ஒரு துளி தண்டவாளத்தில் காய்ந்தால் எஞ்சின் அந்த இடத்தில் நின்றுவிடும். துடைக்க ஐசோபுரோபைல் அல்ககோலும் நூல் உதிராத துணியும். மண்கடதாசி போடவே வேண்டாம், அது விடும் கீறலுக்குள்தான் அடுத்த அழுக்கு பிடிக்கும். எஞ்சின் சில்லையும் மறக்காதீர்கள்: அல்ககோலில் நனைத்த துணியைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்து, ஒரு பக்கச் சில்லுகள் துணியிலும் மறுபக்கம் தண்டவாளத்திலுமாக எஞ்சினை மெல்லச் சுழல விட்டால் கறுப்புக் கோடு துணியில் வந்துவிடும்.

மெயிலும் எக்ஸ்பிரஸும் பிசகில்லாமல் விலகத் தொடங்கிய பிறகு மூன்றாவதாகக் காங்கேசன்துறைச் சீமெந்து ரயிலைச் சேருங்கள். மறைவு யார்டின் நாலாவது பாதையை ஒருபோதும் நிரப்பாதீர்கள். மூன்று ரயிலுக்கு ஒரு வெறும் பாதை இல்லாவிட்டால் பிந்தி வருகிற ஒன்று எங்கேயும் போக முடியாமல் பாதை முழுவதும் பூட்டிக்கொள்ளும். சீமெந்து ரயில் நாலு வாகனும் ஒரு கார்ட் வானுமாகக் குட்டையாக இருக்கட்டும். கொடிகாமத்து முட்டுப் பாதைக்குள் அது முழுதாக அடங்க வேண்டும். அப்போது லூப்பில் மெயில், மெயினில் யாழ்தேவி, முட்டுப் பாதையில் சரக்கு என்று ஒரே நேரத்தில் மூன்றையும் அந்த ஸ்டேஷனில் வைத்து அனுப்பலாம்.